மூடிய கதவும் முளைத்த கதைகளும்

பிறீமேசன் சகோதர சங்கம் பற்றிய தப்பெண்ணங்கள்

வீதியோரத்திலே ஒரு பழைய மண்டபம். அதன் முகப்பிலே மூலைமட்டமும் கவராயமும் பிணைந்த ஓர் அடையாளம் காணப்படுகின்றது. பகல் முழுவதும் கதவு மூடியே இருக்கும். குறித்த ஒரு நாள் மாலையிலே கறுப்பு உடையணிந்த கனவான்கள் சிலர் வந்திறங்கி உள்ளே செல்வர். கதவு மீண்டும் மூடிக்கொள்ளும். உள்ளே நடைபெறுவது யாதென வெளியில் நிற்பவர் அறியார். அறியாத இடத்திலே மனித மனம் சும்மா இருப்பதில்லை. தானே ஒரு கதையைப் புனைந்து அங்கே குடியேற்றிவிடுகின்றது.

பம்பாயிலே பிறந்த ஆங்கில எழுத்தாளர் றட்யாட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலிலே, லாகூர் மக்கள் இத்தகைய மண்டபத்தை 'ஜாது கர்', அதாவது 'மாய வீடு', என அழைப்பதாகக் கூறுகின்றார். அங்கே பேயை வணங்குகின்றனர் என்பார் சிலர். உலகத்தை ஆளச் சூழ்ச்சி செய்கின்றனர் என்பார் வேறு சிலர். இக்கதைகளிலே உண்மை எவ்வளவு? பொய் எவ்வளவு? அப்பொய்களால் விளைந்த தீங்கு எவ்வளவு? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

யார் இந்த மேசன்மார்?

வீடு கட்டும் தொழிலாளியை நம் நாட்டிலே 'மேசன்' என்றே அழைக்கின்றோம். அந்தச் சொல்லேதான் இச்சங்கத்தின் பெயரிலும் இருக்கின்றது. பழைய காலத்திலே ஐரோப்பாவிற் பெருங்கோயில்களையும் கோட்டைகளையும் எழுப்பிய கற்றச்சர்கள், வேலைத்தலத்தின் அருகே கொட்டில் அமைத்துக் கூடினர். அதற்கு 'லொட்ஜ்' என்று பெயர். தொழிலின் நுட்பத்தைப் பிறர் அறியாமற் காத்தல், பயிலுநரைப் பழக்குதல் ஆகியன அங்கே நடைபெற்றன. ஸ்கொத்லாந்து மன்னரின் கட்டிட வேலைகளுக்கு அதிபராயிருந்த வில்லியம் ஷோ என்பவர் 1598இலும் 1599இலும் இத்தகைய லொட்ஜுகளுக்கு விதிகள் வகுத்தார். எடின்பரோ நகரத்து லொட்ஜ் ஒன்றின் கூட்டக் குறிப்புகள் 1599 முதல் இன்றுவரை பாதுகாக்கப்பட்டுள்ளன.

காலப்போக்கிலே, உளியைக் கையாலும் தொடாத கனவான்களும் இந்த லொட்ஜுகளிற் சேர்ந்தனர். 1717ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி இலண்டனிலே நான்கு லொட்ஜுகள் ஒரு மதுச்சாலையிற் கூடிப் பெரிய லொட்ஜ் ஒன்றை நிறுவின என்பது சங்கத்தவர் போற்றும் வரலாறு. அது 1721இலே நிகழ்ந்திருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும், 1723இல் ஜேம்ஸ் அன்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த சட்டநூல் அச்சேறியபோது புதிய சங்கம் உருப்பெற்றுவிட்டது.

தொழிலாளியின் கருவிகள் இப்பொழுது ஒழுக்கத்தின் குறியீடுகளாயின. மூலைமட்டம் நேர்மையைக் குறித்தது; கவராயம் ஆசைக்கு எல்லை வகுத்தது; மட்டப்பலகை மனிதர் யாவரும் சமம் என்பதை உணர்த்தியது. பயிலுநர், தொழிற்றோழர், தலைமைக் கொத்தர் என மூன்று படிகள் அமைந்தன. மூன்றாம் படியிலே, சாலமோன் அரசனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி கொலையுண்ட கதை நாடகமாக நடிக்கப்படும். மரணத்தை நினைவூட்டும் மண்டையோடும் சவப்பெட்டியும் அங்கே குறியீடுகளாய் விளங்குவது இதனாலேயே. வெளியே நிற்பவர் செவியில் இச்செய்தி அரைகுறையாய் விழுந்தபோது அது எவ்வாறு திரிந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரகசியமும் இரகசியமின்மையும்

'இது இரகசியச் சங்கம்' என்பது முதலாவது தப்பெண்ணம். இருக்கும் இடமே தெரியாத சங்கத்தை இரகசியச் சங்கம் எனலாம். இவர்களுடைய மண்டபமோ பெயர்ப்பலகையுடன் நடுவீதியில் நிற்கின்றது. கொழும்பிலும் விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய மண்டபம் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் இறந்த அங்கத்தவரின் ஞாபகமாக இலண்டனில் எழுப்பப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட பெருமண்டபத்தையும் அதனுள் அமைந்த நூதனசாலையையும் எவரும் சென்று பார்க்கலாம்.

சடங்குகளாவது இரகசியமா எனில், அதுவும் பெரும்பாலும் இல்லை. சாமுவேல் பிறிச்சட் என்பவர் 1730இலேயே அச்சடங்குகளை அம்பலப்படுத்தி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பலமுறை மறுபதிப்பாயிற்று. ஆகவே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக அந்த 'இரகசியம்' கடையிலே விலைக்குக் கிடைத்து வருகின்றது. மேலும், பிரித்தானிய அரசாங்கம் 1799இல் இயற்றிய சட்டத்தின்படி ஒவ்வொரு லொட்ஜும் ஆண்டுதோறும் தன் அங்கத்தவர் பட்டியலை அரச அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவ்விதி 1967 வரை நிலவியது.

எஞ்சியிருப்பன ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான சில சைகைகளும் சொற்களுமே. அவற்றை வெளியிடுவதில்லை என்று அவர்கள் வாக்குக் கொடுக்கின்றனர்.

பேய் வணக்கம் என்ற பெரும் புளுகு

பிறீமேசன் சங்கம் ஒரு மதம் என்பது இரண்டாவது தப்பெண்ணம். இலண்டன் மரபைப் பின்பற்றும் லொட்ஜுகளிற் சேர விரும்புபவர் ஒரு பரம்பொருளை நம்புபவராக இருத்தல் வேண்டும். அப்பரம்பொருள் எது என்பதை அவர்கள் வினவுவதில்லை. அவரவர் தத்தம் வேதநூலின்மேற் சத்தியம் செய்யலாம். லொட்ஜின் உள்ளே மதவாதமும் அரசியல் வாதமும் செய்தல் ஆகாது. அங்கே குருமாரும் இல்லை. மோட்சத்துக்கு வழியும் போதிக்கப்படுவதில்லை.

ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபை 1738 முதல் தன் மக்கள் இதிற் சேர்வதைத் தடுத்து வந்திருக்கின்றது. 2023இலும் வத்திக்கான் அத்தடையை மீண்டும் உறுதிசெய்தது. இரகசியச் சத்தியப் பிரமாணமும், எல்லா மதங்களையும் ஒரே தட்டில் வைக்கும் போக்கும் தனது போதனைக்கு ஒவ்வாதன என்பது திருச்சபையின் கருத்து. அது கொள்கை வேறுபாடு, மதிப்புடன் நோக்கத்தக்கது. பேய்க் கதையோ முற்றிலும் வேறு.

அக்கதையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் பிரான்சு தேசத்து லியோ டக்சில். இது அவருடைய புனைபெயர். முன்பு மதத்தைப் பரிகசித்து எழுதியவர் 1885இலே மனந்திரும்பியவர்போல் நடித்தார். பிறீமேசன்கள் சாத்தானை வழிபடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்தார். முதலை வடிவெடுத்த பேய் ஒன்று கூட்டத்திலே தோன்றிப் பியானோ வாசித்தது என்றுகூட அவர் கூட்டத்தார் எழுதினர். அதையும் மக்கள் நம்பினர்! பேய் வழிபாட்டிலிருந்து தப்பி வந்ததாகக் கூறப்பட்ட டயானா வோன் என்னும் மாதைக் காண உலகமே ஆவலுற்றது. 1897ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆந் திகதி பாரிஸ் நகரத்து மண்டபமொன்றிலே அவளை அழைத்து வருவதாக டக்சில் அறிவித்தார். கூட்டம் திரண்டது. மேடையேறிய டக்சில், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் எழுதியன யாவும் விளையாட்டாகச் செய்த ஏமாற்று எனக் கூறிச் சிரித்தார்!

பொய்யன் தானே தன் பொய்யை ஒப்புக்கொண்டபின் கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? டக்சிலின் கற்பனைகளை உண்மையென எடுத்துக் காட்டுவோர் இன்றும் இருக்கின்றனர்.

உலகை ஆளும் இரகசியக் கரம்

மூன்றாவது தப்பெண்ணம் உலகாட்சி பற்றியது. அமெரிக்க ஒரு டொலர் தாளிலே கூர்நுனிக் கோபுரத்தின் மேல் ஒரு கண் காணப்படுகின்றது. 'இதோ அவர்களுடைய முத்திரை' என்பார் பலர். அச்சின்னம் 1782இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அமெரிக்க அரச முத்திரையின் மறுபக்கம். 1935 முதல் டொலர் தாளில் இடம்பெறுகின்றது. முத்திரைக்காக 1776இல் அமைந்த முதலாவது குழுவிலே பென்ஜமின் பிராங்கிளின் ஒருவரே பிறீமேசன். அவர் வரைந்தளித்த யோசனையிலோ அந்தக் கண் இல்லை. இறைவனின் அருட்பார்வையைக் குறிக்கக் கண்ணை வரைவது ஐரோப்பியக் கிறித்தவ ஓவியத்திலே முன்னரே நிலவிய வழக்கமாகும்.

'இலுமினாட்டி' என்ற பெயரும் அடிக்கடி அடிபடுகின்றது. பவேரியா நாட்டிலே ஆடம் வைஸ்ஹாப்ட் என்னும் பேராசிரியர் 1776 மே 1ஆந் திகதி அத்தகைய ஒரு குழுவை நிறுவியதும், அதிலே பிறீமேசன்கள் பலர் சேர்ந்ததும் மெய். ஆனால் 1784இலும் 1785இலும் அந்நாட்டு அரசு விதித்த தடைகளால் அது சிதறிப்போயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்கு யார் காரணம் என்று தேடிய பருவேல், றொபிசன் என்னும் இருவர், 1797இல் வெளியிட்ட நூல்களிலே செத்த பாம்பை எழுப்பி உயிரூட்டினர். அதுவே இன்றும் படமெடுத்து ஆடுகின்றது.

உண்மையில் இச்சங்கத்துக்கு உலகத் தலைமையகம் என ஒன்று இல்லை. ஒவ்வொரு பெரிய லொட்ஜும் தனியாட்சி உடையது. பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்திலேயே இரண்டு பெரிய லொட்ஜுகள் பங்காளிகள்போற் பகைத்து நின்று 1813இலேதான் ஒன்றுகூடின. 1877இல் பிரான்சின் பெரிய லொட்ஜ், கடவுள் நம்பிக்கை அவசியமில்லை எனத் தீர்மானித்தது. உடனே ஆங்கிலேயர் உறவை முறித்தனர். அம்முறிவு இன்றும் நீடிக்கின்றது. தம்முள்ளே ஒருமைப்படாதவர் உலகத்தை ஒரு குடைக்கீழ் ஆள்வது எங்ஙனம்?

சகோதரர் யார்?

'இது வெள்ளையருக்கும் ஆண்களுக்கும் மட்டுமே உரியது' என்பதும் ஒரு பொதுவான எண்ணம். இதிலே பொய்யும் உண்டு. சங்கத்தவர் நாணவேண்டிய உண்மையும் உண்டு. ஆர்க்காட்டு நவாபின் மூத்த புதல்வர் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் பிறீமேசனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆனால் சாதாரண இந்து ஒருவருக்கு வாயில் எளிதிற் திறக்கவில்லை. கல்கத்தாவைச் சேர்ந்த பிரசன்னகுமார தத்தர் 1863இல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்கும் இந்துவுக்கு ஒரு பரம்பொருளில் நம்பிக்கை உண்டோ என்று ஆங்கில அதிகாரிகள் தடை கூறினர். 'எல்லா மதத்தவரும் சகோதரர் என்ற உங்கள் விதி எங்கே?' என்று அவர் விடாது வழக்காடி, ஒன்பது ஆண்டுகளின்பின் 1872இல் உட்புகுந்தார். அந்நகரிலேயே 1884இல் சேர்ந்த இளைஞர் ஒருவர் நரேந்திரநாதர். அவரே பிற்காலத்திற் சுவாமி விவேகானந்தராய் உலகறிய விளங்கியவர்.

அமெரிக்காவிலே பிறின்ஸ் ஹோல் என்னும் கறுப்பினத்தவர் 1775இல் வேறு பதினால்வருடன் பிரித்தானியப் படையினரின் லொட்ஜ் ஒன்றிற் சேர்ந்தார். வெள்ளையர் தம்மைச் சமமாக ஏற்காமையால் அவருடைய மரபினர் தனிவழி சென்றனர். 1989இலே கனெற்றிக்கட் மாநிலத்திற் தொடங்கியே இரு பகுதியாரும் ஒருவரையொருவர் அங்கீகரிக்கும் வழக்கம் பரவியது. சமத்துவத்தைக் குறிக்கும் மட்டப்பலகையை மேசைமீது வைத்துக்கொண்டே இருநூறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன!

இலண்டன் மரபிலே பெண்களுக்கு இன்றும் இடமில்லை. ஆயின், ஆணும் பெண்ணும் கலந்த சங்கம் ஒன்று 1893இல் பாரிஸிலே தோன்றியது. 1902இல் அதிற் சேர்ந்து பிரித்தானியக் கிளையை வளர்த்தவர், சென்னை அடையாற்றில் வாழ்ந்து நம்மவர் நன்கறிந்த அன்னி பெசன்ட் அம்மையாரே.

சந்தேகத்துக்கு நியாயமே இல்லையா?

ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. 1826இலே நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம் மோர்கன் என்பவர் சங்கத்தின் சடங்குகளை வெளியிடப்போவதாக அறிவித்தார். சிறு கடனுக்காகச் சிறைப்பட்ட அவர், விடுவிக்கப்பட்டதும் வண்டியொன்றிற் கடத்திச் செல்லப்பட்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். கடத்தியோர் பிறீமேசன்கள்; அவர்களுக்குக் கிடைத்த தண்டனையோ அற்பம். பொதுமக்கள் கொதித்தெழுந்து, பிறீமேசன் எதிர்ப்புக் கட்சி என ஓர் அரசியற் கட்சியையே அமைத்தனர்.

இத்தாலியிலே 1981 மார்ச் மாதத்திற் பொலிசார் லீச்சோ ஜெல்லி என்பவரிடமிருந்து 962 பேர் கொண்ட பட்டியலைக் கைப்பற்றினர். மந்திரிகளும் படைத்தளபதிகளும் உளவுத்துறைத் தலைவர்களும் அதிற் காணப்பட்டனர். 'பி 2' என்னும் அந்த லொட்ஜைத் தாய்ச்சங்கம் 1976இலேயே இடைநிறுத்தியிருந்தும் ஜெல்லி அதனை மறைவாக நடத்தி வந்தார். அரசாங்கம் கவிழ்ந்தது. மறுவருடம் இரகசியச் சங்கங்களைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பிரித்தானியாவிலும், புதிதாய் நியமனம் பெறும் நீதிபதிகள் தாம் பிறீமேசனா அல்லரா என்பதை அறிவிக்கவேண்டும் என்ற விதி 1998 முதல் 2009 வரை இருந்தது. நீதியாசனத்தில் இருப்பவரின் சகோதரத்துவம் எதிரே நிற்கும் வழக்காளிக்கு அச்சந் தருவது இயல்பே.

இவ்விரு குற்றங்களும் வெளியானது எதனால்? விசாரணையினாலும் சாட்சியத்தினாலுமே. பேய்க் கதை எழுதியவர் எவரும் ஒரு குற்றவாளியையும் பிடித்துக் கொடுக்கவில்லை.

வதந்தி கொன்ற கதை

1903இலே ருஷ்யாவில் 'சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்' என்ற பெயரில் ஒரு போலிப் பத்திரம் அச்சாயிற்று. யூதரும் பிறீமேசன்களும் கூடி உலகத்தைக் கைப்பற்றச் சதிசெய்வதாக அது கூறியது. வேறொரு பிரெஞ்சு நூலைத் திருடி எழுதியது அது என்பதை இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1921இல் நிரூபித்தது. ஆனால் ஹிட்லரின் கூட்டத்தாருக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. 1935க்குள் ஜேர்மனியின் லொட்ஜுகள் அனைத்தும் மூடப்பட்டன. அதே பொய் யூத மக்களின் படுகொலைக்கும் வழி சமைத்தது.

ஸ்பானியாவிலே ஜெனரல் பிராங்கோ 1940 மார்ச் 1ஆந் திகதி பிறீமேசன்களைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் விசேட நீதிமன்றமும் ஏற்படுத்தினார். மக்களை அச்சுறுத்துவதற்காக அவருடைய ஆட்சியினர் முகமூடியிட்ட பொம்மைகளை வைத்துப் போலி லொட்ஜ் ஒன்றையே சோடித்தனர். சலமன்கா நகரத்துச் சுவடிக்கூடத்திலே அதனை இன்றும் காணலாம். மறைந்திருந்து செயற்படுகின்றனர் என்று அவர்களைச் சாடிய பிராங்கோ, அக்கட்டுரைகளை எழுதியது புனைபெயரில் மறைந்திருந்தே என்பது விந்தையிலும் விந்தை!

இறுதியாக ஒரு காட்சி. ஜேர்மனியிலே எஸ்டர்வேகன் என்னும் சிறைமுகாம். ஆக்கிரமிப்பை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்ட பெல்ஜிய நாட்டவர் ஏழுபேர், 1943 நவம்பர் 15ஆந் திகதி, ஆறாம் இலக்கக் குடிசையிலே இரகசியமாக ஒரு லொட்ஜை அமைத்தனர். 'அருமைச் சுதந்திரம்' என்று அதற்குப் பெயரிட்டனர். பட்டாடையில்லை, மண்டபமில்லை, விருந்துமில்லை. கைதிகளின் கந்தலுடையும் பசியும் மட்டுமே இருந்தன. உலகை ஆள்பவர் என்று தூற்றப்பட்ட அவர்களால் அந்தக் குடிசையின் கதவைக்கூடத் திறக்க முடியவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் வீடு திரும்பவுமில்லை. 2004இலே அவ்விடத்தில் ஒரு நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது.

எம் கிராமங்களிலே மரண உதவிச் சங்கம் உண்டு. மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, துக்க வீட்டிலே பந்தலுக்கும் பாடைக்கும் உதவுகின்றோம். கணக்குப் புத்தகம் திறந்திருக்கும்வரை அச்சங்கத்தை எவரும் ஐயுறுவதில்லை. புத்தகம் மூடிய நாளிலேயே முணுமுணுப்பு எழும். சகோதர சங்கங்கள் இதிலே கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு: கதவைச் சிறிது திறந்து வைப்பது நன்று. வெளியே நிற்கும் நாமும் கற்கவேண்டியது ஒன்று உண்டு. நமக்குத் தெரியாதது யாவும் தீமையன்று. தீமை உண்டெனில் அதனைச் சாட்சியத்தோடு காட்டுதல் வேண்டும். கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். கைத்தொலைபேசியிலே நொடிக்கொரு வதந்தி வந்துவிழும் இந்நாளில், மாணவர்கள் அதனை மனத்தில் இருத்துவார்களாக.